மூடுபனி பெஞ்சில் ஓர் இடம்

ஹார்டன் ஊரில் மூடுபனி ஆட்டத்தை நேரில் பார்க்காத ஆள் என்று ஒருவரைக் காட்டுங்கள், பார்ப்போம். கிடைக்கமாட்டார். அந்த மைதானத்தில் மூச்சு முட்ட நெருக்கினால் ஏழாயிரம் பேர் நிற்கலாம். பார்த்தேன் என்று இன்றைக்குச் சத்தியம் செய்கிறவர்களை வரிசையாக நிறுத்தினால், வரிசை ரயில் பாலத்தைத் தாண்டிக் கில்பி கடைத்தெரு வரைக்கும் போகும். அதில் பாதிப் பேர் அன்றைக்குப் பிறக்கவே இல்லை. மீதியில் பாதிப் பேர் வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தின நாள் வான்கோழியின் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

தெல்மா சைக்ஸ் பிறந்திருந்தாள். பத்தொன்பது வயது. வான்கோழியை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனாள். ஊரே பார்க்காத ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தாள். அவளைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அந்த நாளில் ஹார்டனும் கில்பியும் ரக்பி லீக்கில் மோதுவது, ஆறு நாளில் உலகத்தைப் படைத்த கையோடு ஆண்டவன் போட்டுவைத்த ஏற்பாடு. யார்க்‌ஷயரின் நிலக்கரி ஊர்கள் இரண்டுமே. பாலத்துக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் சிவப்பு. ஒரே கரியைத்தான் வெட்டினார்கள், ஒரே மாதிரிதான் இருமினார்கள், ஒரே மீன் வறுவலுக்கு ஒரே வினிகரைத்தான் ஊற்றிக்கொண்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கத்து ஜனம் வேறு ஜாதி என்பதில் இரண்டு ஊருக்கும் துளி சந்தேகம் கிடையாது.

அன்று இடைவேளைக்குள் மூடுபனி இறங்கிவிட்டது. கோல் கம்பம் போயிற்று, கூரை போயிற்று, ஆட்டக்காரர்களும் போனார்கள். கில்பி நான்கு, ஹார்டன் இரண்டு. நடுவர் ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் இரண்டு ஊரும் சேர்ந்து அவரைத் தூக்கிக் கால்வாயில் போட்டிருக்கும். முடியச் சில நிமிடம் இருக்கும்போது ஹார்டனின் ராய்ஸ்டன் பெல் பந்தோடு ஓரமாக ஓடி வெள்ளைக்குள் மறைந்தான். ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் விசில். நடுவர் போய்ப் பார்க்கும்போது ராய்ஸ்டன் கோட்டுக்கு அப்பால் பந்தின் மேல் தனியாகப் படுத்திருந்தான். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை; ட்ரை என்று கையைத் தூக்கினார். அந்தக் காலத்துக் கணக்கில் அதற்கு மூன்று புள்ளி. ஐந்துக்கு நான்கு. ஹார்டன்!

அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. பந்து கோட்டுக்கு முன்னாலேயே நழுவிவிட்டது, அது ட்ரையே இல்லை என்பது கில்பியின் கட்சி. ஹார்டனுக்கோ ஒரு பாட்டே கிடைத்துவிட்டது. கில்பியின் கடைசிக் காவல் லயனல் ஹெய்க். அவன் ட்ரை விழுந்து இரண்டு நிமிடம் கழித்து, மூக்கில் ரத்தத்தோடு, மைதானத்துக்கு வெளியே இருந்து தட்டுத் தடுமாறி வந்தான். பனியில் வழி தவறிக் கம்பத்தில் முட்டிக்கொண்டான் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. "லயனல், லயனல், வழி தெரியுதா? அம்மா வந்து கூட்டிட்டுப் போகட்டா?" ஹார்டன் குழந்தைகள் இதைப் பாடித்தான் பேசவே கற்றுக்கொள்ளும்.

அந்த ஆட்டத்துக்காக ஹார்டன் தொழிலாளர் மன்றத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. மூடுபனி பெஞ்சு. ஆட்டத்தை உண்மையிலேயே பார்த்தவர்கள் மட்டும் அதில் உட்காரலாம். ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அணி இறங்குவதற்கு முன்னால், பெஞ்சுக்காரர்கள் மைதானத்தின் நடுவுக்கு நடந்து போவார்கள். நீலப் பக்கம் எழுந்து கைதட்டும். சிவப்புப் பக்கம் தொண்டை கிழியத் திட்டும். அந்தத் திட்டுத்தான் மரியாதை. மகாராணி கையால் பதக்கம் வாங்கினாலும் ஹார்டனில் அதற்கு அடுத்தபடிதான்.

முப்பதாயிரம் பேர் கேட்டால் பெஞ்சு தாங்காது, ஆகையால் ஒரு சட்டம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மதியம் மன்றத்தில் 'வாய் ஆட்டம்' நடக்கும். கில்பிக்காரர்களும் பாலத்தைத் தாண்டி வருவார்கள். இரண்டு பக்கமும் பழைய ஆட்டங்களைச் சொல்லிச் சொல்லி மற்றவனைக் கிழிக்க வேண்டும். உட்கார்ந்தபடி எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம். அது காற்றோடு போகும். எழுந்து நின்று சொன்னால் அது சாட்சி, திரும்ப வாங்க முடியாது. பெஞ்சு வேண்டும் என்கிறவன் சொல்வது மட்டும் கணக்கில் வராது; அவனுக்காக, அன்று அவன் பக்கத்தில் நின்ற ஓர் ஆள் எழுந்து சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்துக்குக் காவல் ஹெட்லி பூத். சுரங்கத்தில் விளக்கு கொடுக்கும் அறையில் வேலை பார்த்தவன். அங்கே ஒரு விளக்கு குறைந்தால் ஓர் ஆள் உள்ளே மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். அந்தக் கண்டிப்பை அப்படியே பெஞ்சுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

தெல்மாவின் புருஷன் ரேமண்ட் பெஞ்சுக்காரன். அவனுக்கு ஹெட்லியே சாட்சி. வருடா வருடம் நடக்கப் போகும்போது ரேமண்ட் கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டுவான்.

"புடி, செல்லம். நீயும் பார்த்திருந்தா கூட நடந்திருக்கலாம்ல?"

"நானும் பார்த்தேன்டா."

"பார்த்த, பார்த்த. ரேடியோவுல பார்த்திருப்ப."

கோட்டை வைத்துக்கொண்டு நிற்பாள். திருப்பிக் கொடுப்பதற்குள் அதன் பையில் ஏதாவது போட்டுவைப்பாள்: ஒரு வருடம் உரித்த முட்டை, ஒரு வருடம் கில்பியின் சிவப்புக் கைக்குட்டை. அவன் அதை எடுத்து எல்லார் முன்னாலும் மூக்கைச் சிந்தின பிறகுதான் நிறத்தைப் பார்த்தான்.

தெல்மா அப்படித்தான். சட்டைத் தொழிற்சாலையில் தையல் போட்ட நாளில், கில்பிக்குப் போகும் சட்டைகளுக்குப் பொத்தான் துளையை அடைத்துத் தைத்தாள் என்று ஒரு புகார் உண்டு. அவள் மறுத்ததில்லை. தொழிற்சாலை மூடியதும் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டு ஹார்டன் - கில்பி வழியில் ஏறி உட்கார்ந்தாள். எதிரி ஊருக்குள் தினமும் எட்டு முறை. ஹார்டன் ஜெயித்தால் மறுநாள் பஸ் ஆமை வேகத்தில் போகும். "அடுத்த நிறுத்தம், பதினெட்டுக்கு மூணு!" என்று கத்துவாள். "அதுக்கு அடுத்த நிறுத்தமும் பதினெட்டுக்கு மூணுதான், யாரும் அவசரப்பட வேணாம்!" கில்பிக்காரர்கள் பணிமனையில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். புள்ளிக் கணக்கு சரிதானே சார் என்றாள். சரிதான், அவரும் ஹார்டன்காரர். கில்பி ஜெயித்த வருடம் அவர்கள் பழி வாங்கினார்கள்: ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணி அடிப்பார்கள், ஒருத்தரும் இறங்கமாட்டார்கள்.

சுரங்க வேலைநிறுத்தம் நடந்த வருடம் மட்டும் யாரும் யாரையும் ஏசவில்லை. கில்பிக்காரர்கள் மன்ற வாசலில் டப்பா சூப்பு கொண்டுவந்து வைத்தார்கள்; ஹார்டன்காரர்கள் ரொட்டி வைத்தார்கள். யார் வைத்ததை யார் எடுத்துப் போனார்கள் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அடுத்த வருடம் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஏசித் தீர்த்தார்கள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது வசந்தத்தில் ரேமண்ட் போய்விட்டான். நவம்பரில் ஹெட்லி தெல்மா வீட்டுச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றினான். அவன் தொப்பியைக் கழற்றினாலே ஏதோ பெரிய விஷயம்.

"தெல்மா, கமிட்டி ஒரு முடிவு எடுத்திருக்கு."

"கமிட்டின்னா நீதானே?"

"நானும் என் தம்பியும். ரேமண்ட் இடத்துல இந்த வருஷம் நீ நடக்கலாம். அவன் தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு. விதவைக்கு ஒரு மரியாதை."

"நான் என்ன, தொப்பி மாட்டுற ஆணியா?"

"அட, நல்லதுக்குத்தான் சொல்றேன் தாயே!"

"நடந்தா தெல்மாவா நடக்கிறேன். இல்லைன்னா வேணாம். நானும் அங்கதான் நின்னேன்."

"இதையே எத்தனை வருஷமா சொல்லுவ? எங்க நின்ன?"

"ரயில் பாதைப் பக்கம், மூலைக் கொடிகிட்ட."

"அந்த மூலையில ஒருத்தரும் இல்ல. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? அன்னிக்கு உன் மூக்கு நுனியே உனக்குத் தெரிஞ்சிருக்காது."

ஹெட்லி தேநீரை ஓசையோடு உறிஞ்சினான். "சரி. சாட்சி யாரு? பக்கத்துல நின்ன ஆளு பேரைச் சொல்லு. சட்டம்னா சட்டம்."

தெல்மா எழுந்தாள். பிஸ்கட் தட்டை அவன் எதிரிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

சாட்சி இருந்தான். அதுதான் சங்கடம்.

அன்று இடைவேளையில் அவள் சூடான மாட்டிறைச்சிச் சாறு வாங்கப் போனாள். திரும்பி வரும்போது அப்பாவைக் காணவில்லை, மைதானத்தையே காணவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து ஒரு கொடி தட்டுப்பட்ட இடத்தில் நின்றாள். பக்கத்தில் ஒரு பையன் கோட்டை மேலே வரைக்கும் பூட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அவனும் வழி தவறி வந்தவன். சாற்றில் பாதியைக் கொடுத்தாள். இது எந்தக் கோடி என்று இருவருக்கும் தெரியாது. தன் அணி ட்ரை போட வேண்டிய கோடி என்று அவள் நம்பினாள். அவனும் தன் அணிக்கு அப்படியே நம்பினான். கேட்டுக்கொள்ளவில்லை. எதிரில் ஒரு சமையலறை அளவுக்குப் புல் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சமையலறைக்குள் சேறு பூசின ஒருவன் பந்தோடு ஓடி வந்தான். சேறு பூசின இன்னொருவன் குறுக்கே பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டினான். இருவரும் சறுக்கிக்கொண்டே வந்தார்கள். முழங்கால் ஒன்று மூக்கில் மோதிய சத்தம் கேட்டது. பந்தோடு வந்தவன் விழுந்தபடியே கையை நீட்டி, கோட்டுக்கு அப்பால், பந்தைப் புல்லில் வைத்தான்.

"ட்ரை!" என்று தெல்மா கத்தினாள். "ட்ரை!" என்று பையனும் கத்தினான். இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். சாறு அவன் முதுகில் கொட்டியது. குதித்த வேகத்தில் அவன் கோட்டுப் பொத்தான் தெறித்து உள்ளேயிருந்து கழுத்துத் துணி வெளியே வந்தது.

சிவப்பு.

அவளுடையதும் வெளியே வந்திருந்தது. நீலம். பாம்பை மிதித்தவர்கள் மாதிரி இருவரும் விலகிக் குதித்தார்கள். அதே நேரத்தில், மோதிய வேகத்தில் வேலிக்கு அடியில் உருண்டு வந்திருந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையைத் தூக்கினான். பையனைப் பார்த்தான். "ஆம்ப்ரோஸ்?" என்றான்.

பையன் ஆம்ப்ரோஸ் ஹெய்க். கீழே கிடந்தவன் அவன் சொந்த அண்ணன் லயனல். அண்ணனைத் தாண்டி எதிரி போட்ட ட்ரைக்குத் தம்பி எதிரி ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறான். லயனல் எழுந்து பனிக்குள் போய்விட்டான்.

"நீ சொல்லாத," என்றான் ஆம்ப்ரோஸ்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் தெல்மா.

அப்புறம் அவள் பஸ் ஓட்ட வந்தாள். அவன் கில்பி சந்தையில் ஏறுகிற தினப்படிப் பயணி. இருபத்திரண்டு வருடம் ஏறினான், இறங்கினான். காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மூடுபனி இறங்குகிற நாளில் மட்டும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க மெனக்கெட்டார்கள். ரேமண்ட் உயிரோடு இருந்தவரை அவளால் மூச்சு விட முடியாது; கட்டிப்பிடித்த கதை தெரிந்தால் அவன் அதை வைத்தே அவள் ஆயுளை ஓட்டியிருப்பான். இப்போது அவன் இல்லை. அவன் கேலியும் இல்லை. வீடு அநியாயத்துக்கு அமைதியாக இருந்தது.

ஹெட்லி போன மறுநாள் தெல்மா பஸ் ஏறிக் கில்பிக்குப் போனாள். ஆம்ப்ரோஸ் ஊர்க்கோடித் தோட்டத்தில் முட்டைக்கோஸுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான். எழுபது வயது, முதுகு மண்வெட்டிப் பிடி மாதிரி.

"என்ன பஸ்காரி, வழி தவறிட்டியா?"

"உங்க அண்ணன் மாதிரியா?"

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகம் இறுகிப்போனது.

"சரி, விடு. வாய் வழக்கத்துல வந்துடுச்சு. ஆம்ப்ரோஸ், வாய் ஆட்டத்தன்னிக்கு எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இவ பக்கத்துல நின்னேன்னு. போதும்."

"நின்னேன்னா எதைப் பார்த்தன்னு கேப்பான் உங்க விளக்குக்காரன். பார்த்ததைச் சொன்னா அது ட்ரைன்னு ஆயிடும். எங்க ஊரே அது இல்லைன்னு சொல்லித்தான் உயிரோட இருக்கு. எங்க அப்பா சாகும்போது கடைசியா சொன்னதே அதுதான்."

"என்ன சொன்னாரு?"

"'பந்து நழுவிடுச்சுடா'ன்னு. எங்கம்மா கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அவ பேரக்கூடச் சொல்லல."

தெல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. இருவரும் முட்டைக்கோஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"லயனல் எப்படி இருக்காரு?"

"இருக்கான். ஆட்டத்தன்னிக்கு ரேடியோவக்கூடப் போடமாட்டான்." ஆம்ப்ரோஸ் ஒரு களையைப் பிடுங்கி, மண்ணை உதறி, எறிய மறந்து கையிலேயே வைத்திருந்தான். "மறுவருஷம் மதுக்கடையில சொல்லிப் பார்த்தான். நான் அங்கதான் இருந்தேன், அவனைப் புடிச்சேன்னு. யாரு பார்த்தான்னு கேட்டாங்க. அவன் என் பக்கம் திரும்பினான். நான் மீனுக்கு வினிகர் ஊத்திக்கிட்டு இருந்தேன். அவனும் விட்டுட்டான். அதுக்கப்புறம் ஒரு நாளும் கேக்கல."

"இப்பச் சொல்லலாமே."

"போ, பஸ்காரி. பஸ்ஸு வந்துடும்." ஒரு முட்டைக்கோஸை அறுத்து அவள் கையில் திணித்தான். "இந்தா. உங்க ஊர்ல இதெல்லாம் விளையாது, பொய்தான் விளையும்."

பஸ்ஸில் மடியில் முட்டைக்கோஸோடு வரும்போது தெல்மாவுக்கு ஒன்று புரிந்தது. கெஞ்சினால் ஆம்ப்ரோஸ் எழமாட்டான். கில்பிக்காரன் எவனும் எழமாட்டான். ஆனால் ஹார்டன்காரி ஒருத்தி அவன் காதுபட ஓர் ஆட்டத்தைத் தப்பாகச் சொன்னால், கல்லறையில் இருக்கிற கில்பிக்காரன்கூட எழுந்து திருத்துவான்.

வாய் ஆட்டத்தன்று மன்றத்தில் கால் வைக்க இடமில்லை. பட்டாணி மசியலின் வாசனையும் ஈரக் கோட்டின் வாசனையும் கலந்து வந்தன. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு, நடுவே ஹெட்லி. கில்பி முதலில் ஆடியது. அவர்கள் ஊர்த் தபால்காரன் எழுந்து, ஹார்டன் ஆள் கோலுக்கு உதைத்தபோது பந்து காலடியில் விழுந்து, காலணி மட்டும் பறந்து கம்பங்களுக்கு நடுவே போன கதையைச் சொன்னான்.

"காலணிக்கு ரெண்டு பாயிண்ட் குடுங்கன்னு நடுவர்கிட்டக் கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"குடுத்திருக்கணும்! உங்க ஆளு உதைச்சத விட நேராப் போச்சு!" என்றது நீலம்.

"அந்த வருஷம் மைதானத்துக்குள்ள நாய் புகுந்துச்சே," என்று ஹார்டன் ரொட்டிக்கடைக்காரி எழுந்தாள். "உங்க பன்னெண்டு பேரைத் தாண்டிப் போச்சு. பதிமூணாவது ஆளு மட்டும்தான் புடிச்சான். அவனும் கடி வாங்கினான்!"

"உங்க டீமுல அன்னிக்கு ஒழுங்கா ஓடினதே அந்த நாய்தான்!" என்றது சிவப்பு.

அப்போது தெல்மா எழுந்தாள்.

"எனக்குப் பெஞ்சு வேணும்," என்றாள்.

கூட்டம் ஊளையிட்டது. இரண்டு பக்கமும். ஹெட்லி கையைத் தூக்கினான். "கேக்க உரிமை இருக்கு. சொல்லு."

கில்பிப் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் ஆம்ப்ரோஸ் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் எழவில்லை என்றால், சாகும்வரை அவள் இந்த ஊரின் பெரிய புளுகுணி. அவள் நடக்கப்போவதில்லை, இந்த வருடமும் இல்லை, எந்த வருடமும் இல்லை.

"மூலைக் கொடிகிட்ட நின்னேன். ராய்ஸ்டன் ஓடி வந்தான். லயனல் ஹெய்க் வழி தவறல. எதிர்லதான் இருந்தாரு." சிவப்புப் பக்கம் லேசாக அசைந்தது. தெல்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். "ராய்ஸ்டனைப் பார்த்தாரு. பார்த்துட்டு, ஒதுங்கி வழி விட்டாரு. பயந்துட்டாரு, பாவம்."

நீலம் கொல்லென்று சிரித்தது. 'லயனல், லயனல்' என்று யாரோ எடுத்தார்கள்.

நாற்காலி ஒன்று பின்னால் சரிந்து விழுந்தது.

"பொய்!"

ஆம்ப்ரோஸ் நின்றுகொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எங்கண்ணன் ஒதுங்கினானா? எங்கண்ணனா? பாய்ஞ்சான்டி! இடுப்பைக் கட்டிச் சாய்ச்சான்! அந்த ராய்ஸ்டன் முழங்கால் அவன் மூக்கை உடைச்சிச்சு, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்குது! நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல நின்னோமே, கண்ணு எங்க வெச்சிருந்த?"

மன்றத்தில் பட்டாணி ஆறுகிற சத்தம் கேட்டது.

ஹெட்லி மெதுவாகக் கேட்டான். "யாரும் யாரும் பக்கத்துல நின்னீங்க?"

ஆம்ப்ரோஸ் கீழே பார்த்தான். தன் கால்கள் நிற்பதை அப்போதுதான் கவனித்தான்.

"உக்காருடா ஆம்ப்ரோஸ்!" தபால்காரன் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தான். "இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத!"

உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவுதான் சொன்னேன், பந்தைப் பார்க்கவில்லை என்றிருக்கலாம். தெல்மா அவனையே பார்த்தாள். இப்போது அவள் முகத்தில் குறும்பு இல்லை. ஆம்ப்ரோஸ் கோட்டை உருவிக்கொண்டான்.

"நானும் இவளும்," என்றான். "வேற யாரும் இல்ல. எங்கண்ணன் அவனை ஒழுங்காத்தான் புடிச்சான். அதுக்கப்புறமும் ராய்ஸ்டன் கையை நீட்டிப் பந்தை வெச்சுட்டான். கோட்டுக்கு அப்பால." தன் ஊர்ப் பக்கம் பார்க்காமல் ஹெட்லியைப் பார்த்தான். "ட்ரை."

கூரை எழும்பியது. நீலப் பக்கம் மேசை மேல் ஏறியது. சிவப்புப் பக்கத்தில் ஒரு கிழவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தெல்மா இன்னும் நின்றுகொண்டே கையைத் தூக்கினாள். அவள் குரல் எடுபட வெகு நேரம் ஆனது.

"வாய மூடுங்கடா! நான் சொல்லி முடிக்கல. ஒதுங்கினாருன்னு சொன்னது பொய், இவனை எழுப்பறதுக்குச் சொன்னேன். லயனல் ஹெய்க் வழி தவறல, பயப்படல. அந்த வெள்ளைக்குள்ள ராய்ஸ்டனைக் கண்டுபுடிச்ச ஒரே ஆளு அவருதான். அந்தப் பாட்டு தப்பு. நானும் கூடச் சேர்ந்து பாடினேன், தெரிஞ்சே பாடினேன். இனிமே பாடமாட்டேன்."

நீலம் அடங்கியது. ஹெட்லி தொண்டையைச் செருமினான். "சாட்சி சரி. ஆனா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்தும் இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

தெல்மா கூரையைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் சுவரைப் பார்த்தான்.

"கட்டிப்புடிச்சோம்," என்றான்.

"என்னது?"

"கட்டிப்புடிச்சோம்யா! எந்தக் கோடின்னு தெரியல! ரெண்டு பேரும் நம்ம டீமுன்னு நினைச்சுக்கிட்டு ட்ரைன்னு கத்தி, கட்டிப்புடிச்சு, குதிச்சோம்! போதுமா?"

அன்றைக்கு மன்றத்தில் எழுந்த சிரிப்பில் எது நீலம் எது சிவப்பு என்று பிரிக்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டிருந்த கிழவர்கூடத் தோள் குலுங்கினார். ஹெட்லி சிரிக்கவில்லை. பெஞ்சின் நடுவில் இருந்தவர்களை நகரச் சொல்லி, கைக்குட்டையால் பலகையைத் துடைத்தான்.

"உக்காரு, தெல்மா," என்றான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வானம் துடைத்த மாதிரி இருந்தது. பெஞ்சுக்காரர்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். ஒலிபெருக்கி ஒவ்வொரு பெயராக, சாட்சியின் பெயரோடு சொல்லும். "தெல்மா சைக்ஸ். சாட்சி, கில்பி ஆம்ப்ரோஸ் ஹெய்க்!"

நீலப் பக்கம் கைதட்டியதை அவள் கேட்டாள். சிவப்புப் பக்கம் தொடங்கியதும் மற்றதெல்லாம் மறைந்துபோனது. வாரம் முழுவதும் ஒத்திகை பார்த்திருப்பார்கள் போலும், புதுப் பாட்டே இருந்தது: "பஸ்காரி, பஸ்காரி, யாரைக் கட்டிக்கிட்ட?" வேலியோரத்தில் ஆம்ப்ரோஸ் காதுவரை சிவந்து நின்றான். அவன் பக்கத்தில் கோணல் மூக்கோடு நெட்டையாக ஒரு கிழவர். ஊர் அவரை ஆட்டத்தில் பார்த்து எத்தனையோ காலம். தம்பி தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, மற்றவர்களைவிட உரக்க, தெல்மாவை வாய் நிறையத் திட்டிக்கொண்டிருந்தார்.

தெல்மா நடுமைதானத்தில் நின்றாள். சிவப்புப் பக்கமாகத் திரும்பி, யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது போல இரண்டு கைகளையும் அகல விரித்தாள். கூச்சல் இரட்டிப்பானது. காகிதக் கோப்பை ஒன்று பறந்து வந்து பாதி வழியில் விழுந்தது. ரேமண்டுக்கு ஒரு வருடமும் இவ்வளவு விழுந்ததில்லை.

"நட, தெல்மா," என்று ஹெட்லி முழங்கையால் இடித்தான். "டீமு காத்துக்கிட்டு இருக்கு. ஆட்டம் ஆரம்பிக்கணும்."

"இரு ஹெட்லி," என்றாள். "இன்னும் கொஞ்சம் திட்டட்டும்."